கப்பலா, ஹவுஸிங் போர்டா?

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் எனக்கும் என் மாமனாருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. சீர்வரிசை இல்லை. தலைதீபாவளி மோதிரம்கூட இல்லை (அது கொஞ்சம் சின்னதுதான், போகட்டும்). கப்பல்!

சிரிக்காதீர்கள். மாமனார் முப்பத்து நாலு வருஷம் தம்புச்செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தா. பேப்பரும் கையுமாகத் தினம் துறைமுகத்துக்குள் போய் வந்தவர். ஏறியதெல்லாம் சரக்குக் கப்பல். அதிலும் கையெழுத்து வாங்க ஏறி, ஒரு காபி குடித்துவிட்டு இறங்கியதோடு சரி. ஆனால், கப்பல் என்றால் மனுஷருக்கு உயிர். அவர் வீட்டு ஹாலில் வெங்கடாசலபதிக்கும் மறைந்த அவருடைய அப்பாவுக்கும் நடுவே, ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பது 'க்வீன் எலிஸபெத் 2' கப்பலின் படம். கறுப்பு உடம்பு, வெள்ளை மாடி, நடுவில் ஒற்றைச் சிவப்புப் புகைபோக்கி. வெள்ளிக்கிழமைகளில் மாமியார் ஞாபகமறதியாக அதற்கும் ஒரு பூ வைத்துவிடுவதுண்டு.

1969-ல் ஓட ஆரம்பித்த கப்பல் அது. 2008-ல் ஓய்வு பெற்று, 2018-ல் ஓட்டலாகி, துபாய் ரஷீத் துறைமுகத்தில் கட்டிப்போட்ட யானை மாதிரி நிற்கிறது. துபாயில் இருக்கும் என் மச்சினன், அப்பாவை 2019-ல் அங்கே அழைத்துப் போனான். மாமா உள்ளே போய் ஒரு டீ குடித்தாராம். வெளியே வந்து, கரையில் இரண்டு மணி நேரம் நின்றபடி பார்த்தாராம்.

"உள்ளே என்ன மாப்பிள்ளை இருக்கு? கார்ப்பெட். அது எந்த ஓட்டல்லயும் இருக்கும். வெளியில பார்க்கணும்... அந்த மூக்கை!"

மூக்கு என்று அவர் சொல்வது கப்பலின் முன்பக்கம். சும்மா நிற்கும்போதே ஓடுவது போல, முன்னால் சாய்ந்து கூர்மையாக நீண்டிருக்கும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில், 2023 ஜூலையில் மச்சினன் ஒரு படத்தை அனுப்பி வைத்தான். ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்தில் அப்போது கட்டிக்கொண்டிருந்த 'ஐகான் ஆஃப் தி ஸீஸ்'. கம்ப்யூட்டரில் வரைந்த படம். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சறுக்குமரங்கள் பின்னிக் கிடக்கின்றன. அதற்குக் கீழே மாடி, மாடி, மாடி! உலகம் பூராவும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. பாதிப்பேர் "எப்போ டிக்கெட்?" என்றார்கள். மீதிப்பேர் "ஐயோ, கண்ணே போச்சு" என்றார்கள்.

மாமனார் இரண்டாவது கட்சியில் ஆயுட்கால உறுப்பினர்.

"இது கப்பலா மாப்பிள்ளை? தீவுத்திடல் பொருட்காட்சியை அப்படியே பேர்த்துத் தண்ணியில வெச்சிருக்கான். ஒரு காத்தடிச்சா கவிழ்ந்துடாது?"

அடியேன் பி.காம். டெபிட், கிரெடிட் தவிர வேறு எதையும் ஒழுங்காகப் படித்ததில்லை. ஆனாலும், மாமனாரை எதிர்த்துப் பேசக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை எப்படி விடுவது? நாலு நாள் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே ருசி தட்டிவிட்டது.

ஒரு கணக்கைப் பாருங்கள். டைட்டானிக் 269 மீட்டர் நீளம், 46,328 டன். ஐகான் 365 மீட்டர் நீளம், 2,48,663 டன். (இந்த டன் எடை இல்லை ஸார். கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் அளவு. நம் ஊர் பில்டர் 'சூப்பர் பில்ட்-அப்' என்று ஒன்று சொல்வாரே, அந்த மாதிரி ஒரு சமாசாரம். அதைவிட நாணயமானது.) நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. கொள்ளளவோ ஐந்து மடங்குக்கு மேல்! மிச்சமெல்லாம் எங்கே போனது? மேலே போனது, பக்கவாட்டில் போனது. மொத்தம் இருபது தளம். அது கப்பல் மாதிரி இல்லை, கட்டடம் மாதிரி இருக்கிறது என்று நம் கண் சொல்வது பொய்யில்லை.

"ஆனா கவிழாது மாமா. மேலே இருக்கிறது எல்லாம் மெல்லிசு இரும்பும் காத்தும். கனமான இன்ஜின், எண்ணெய், தண்ணி டாங்கு எல்லாம் கீழே. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி."

"பொம்மைன்னு நீங்களே சொல்லிட்டீங்க பாருங்க!"

நான் விடவில்லை. அவருடைய க்வீன் எலிஸபெத் ஜாதியே வேறு. அவை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்கு ஆள் ஏற்றிப்போன கப்பல்கள். திருவள்ளுவர் பஸ் மாதிரி என்று வையுங்களேன். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கொட்டுகிற பனியிலும், எழும்பி வரும் அலையிலும், சொன்ன நாளில் கடந்தாக வேண்டும். அலையைப் பிளக்கக் கூரான மூக்கு. அலை வந்து அறையாமலிருக்க, மாடிகளைப் பின்னுக்குத் தள்ளிக் கட்ட வேண்டும். அந்த அழகெல்லாம் அவசியத்தில் வந்த அழகு. 1958-ல் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்ததும், ஆறு நாள் வாந்தி எடுத்துக்கொண்டு போக யாருக்குப் பொறுமை? ஆட்கள் ஆகாயத்துக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் வந்தவை உல்லாசக் கப்பல்கள். இவை எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. ஒரு வாரம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் போதும். போகிற ஊர் முக்கியமில்லை, கப்பலேதான் ஊர்.

ஊர் என்றால் வீடு வேண்டும், வீடென்றால் ஜன்னல் வேண்டும். 1984-ல் 'ராயல் பிரின்ஸஸ்' என்று ஒரு கப்பல் வந்தது. அதில் பயணிகளின் அறைகள் அத்தனையும் வெளிப்பக்கம் பார்த்தவை, நிறைய அறைகளுக்குத் தனி பால்கனி. பால்கனி இருந்தால் கூடுதல் காசு தர ஜனங்கள் தயார் என்பது தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு எந்தக் கணக்குப்பிள்ளை சும்மா இருப்பான்? முன்பெல்லாம் உச்சியில் வரிசையாகத் தொங்கும் உயிர்காப்புப் படகுகளைக் கீழே இறக்கி, கப்பலின் விலாவுக்குள் செருகினார்கள். அதற்கு மேல் தடையே இல்லாமல் பால்கனி, பால்கனி, பால்கனி.

"மாமா, நீங்க வெளியில பார்க்கிறது டிசைன் இல்லே. பேலன்ஸ் ஷீட்! ஒவ்வொரு பால்கனியும் ஒரு வரவு."

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வரவு இருக்கிற மூஞ்சியெல்லாம் லட்சணமா இருந்துடுமா?"

நல்ல பதில்தான். ஆனால், என் கையில் இன்னும் துருப்புச்சீட்டு இருந்தது. புகைபோக்கி. டைட்டானிக் என்றாலே நாலு புகைபோக்கி ஞாபகம் வருகிறதல்லவா? நாலாவதில் கொதிகலன் புகை வரவே வராது. காற்றோட்டத்துக்கும், முக்கியமாக கம்பீரத்துக்கும் வைத்தது. 1935-ல் வந்த பிரெஞ்சுக் கப்பல் 'நார்மண்டி'யை இன்றைக்கும் கப்பல் ரசிகர்கள் அழகு ராணி என்கிறார்கள். அதன் மூன்றாவது புகைபோக்கி சுத்த டூப். உள்ளே பயணிகளின் நாய்களைக் கட்டி வைத்தார்கள்!

மாமனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "நாயா?" என்றார் இரண்டு தடவை.

போதாததற்கு இன்னொன்றையும் போட்டேன். இப்போதைய கப்பல்களின் மூக்கு சப்பை என்று திட்டுகிறாரே, டைட்டானிக்கின் மூக்கும் செங்குத்துதான். சாய்ந்த மூக்கெல்லாம் பின்னால் வந்த ஃபாஷன். செங்குத்தாக வைத்தால் தண்ணீரைத் தொடும் நீளம் கூடும், எண்ணெய் மிச்சம் என்று பழையதையே மறுபடி கொண்டு வந்திருக்கிறார்கள். பெல்பாட்டம் திரும்பி வந்த மாதிரி.

அழகு பண்ண யாரும் முயற்சி செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. 1982-லேயே ஒரு அமெரிக்கக் கம்பெனி புகைபோக்கிக்கு இரண்டு பக்கமும் இறக்கை வைத்தது. திமிங்கலம் வாலைத் தூக்கினாற்போல் இருக்கும். ஜெர்மன்காரர்கள் 1996-லிருந்து 'ஐடா' கப்பல்களின் மூக்கில் பெரிய சிவப்பு உதடு வரைந்து விட்டார்கள். டிஸ்னிக்காரர்கள் 1998-ல் பழைய பாணியிலேயே இரண்டு புகைபோக்கி வைத்துக் கட்டினார்கள். அதிலும் முன்னால் இருப்பது டூப். நாய்க்குப் பதில் விடலைப் பையன்கள் ஆடிப்பாட கிளப்.

எனக்கு மனசில் நின்றது வேறொரு கப்பல். 1990-ல் 'க்ரௌன் பிரின்ஸஸ்' என்ற பெயரில் இத்தாலியில் கட்டினார்கள். வெளித்தோற்றத்துக்கு ஆலோசனை சொன்னவர் ரென்ஸோ பியானோ. பாரிஸில் குழாய்களையெல்லாம் வெளியே விட்டு பாம்பிடூ சென்டர் கட்டினாரே, அவர்தான். கப்பலின் நெற்றியை டால்ஃபின் தலை போல வளைத்து உருட்டினார். சிலருக்கு அது அற்புதம், சிலருக்கு அது மண்டை வீங்கிய மீன். அதற்கப்புறம் அந்தக் கப்பல் கை மாறி, பெயர் மாறி, நடுவில் ஜெர்மன் உதடுகளும் வாங்கிக்கொண்டு, கடைசியில் 2019-ல் 'கர்ணிகா' என்ற பெயரில் நம் பம்பாய்க்கே வந்து சேர்ந்தது. வந்த மறு வருஷம் கொரோனா. 2020-ல் குஜராத் ஆலங் கடற்கரையில் ஏற்றி, வெட்டி, பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். எடைக்குப் போடும்போது, நெற்றியை வளைத்தது யார் என்று எவன் கேட்பான்?

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் "த்சொ... த்சொ..." என்றார். பிடிக்காத ஜாதிக் கப்பலாக இருந்தாலும் சாவு சாவுதானே.

இதுவரை நான் நல்லவன். இனிமேல்தான் விஷயம்.

அந்த வாரம் ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை கொடுக்க வேண்டியிருந்தது. கையில் சரக்கு இல்லை. கப்பல் இருந்தது. வீட்டில் மாமனாரிடம் கப்பல் கட்சியில் நின்று வாதாடியவன், பேனாவைத் திறந்ததும் கட்சி மாறினேன். ஏனென்றால், திட்டி எழுதினால்தான் சிரிப்பு வரும். புகழ்ந்தால் கொட்டாவிதான் வரும். தொழில் ரகசியம். 'பால்கனியில் கொடி கட்டித் துணி உலர்த்தினால் அசல் ஹவுஸிங் போர்டு. பதினாலாவது மாடி மாமி வடாம் பிழிவார், பதிமூன்றாவது மாடி மாமி சண்டைக்கு வருவார். அசோசியேஷன் செகரட்டரி மோட்டார் போட மறந்துவிட்டதால் இன்று நடுக்கடலில் தண்ணீர் இல்லை...' இந்த ரீதியில் போனது. 'ரசனை என்ற ஒன்றே இல்லாதவர்கள் செல்கிற, ரசனையற்றவர்கள் கட்டுகிற டிபன் காரியர்' என்று முடித்தேன். ஆபீஸ் சிநேகிதர்கள் கான்டீனில் முதுகில் தட்டினார்கள். செக் வந்தது. (தொகை கேட்காதீர்கள்.)

பத்து நாள் கழித்து ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன்.

என்னோடு பி.காம். படித்தவன். மூன்று அரியர்ஸ் வைத்து, அதை எழுதாமலே ஒரு உல்லாசக் கப்பலில் அறை பராமரிக்கிற ஸ்டூவர்டாகப் போனவன். பெயர் வேண்டாம், கப்பல் பெயரும் வேண்டாம், அவன் பிழைப்பு. அவன் அம்மா கட்டுரையைப் போட்டோ பிடித்து, 'உன் ஃப்ரெண்ட் எழுதியிருக்கான்' என்று பெருமையாக அனுப்பி வைத்திருக்கிறார்.

"படிச்சேன்டா."

"எப்படி?"

"சிரிப்பா இருந்துச்சு. எங்க கேபின்ல ஒரு கோயமுத்தூர் பையன் இருக்கான். அவனுக்கும் படிச்சுக் காட்டினேன். அவன் சிரிக்கலை."

எனக்குத் தூக்கம் போய்விட்டது.

"டிபன் காரியர்னு எழுதியிருக்கியே, அதுல எந்த அடுக்குல நாங்க இருக்கோம்னு தெரியுமாடா? தண்ணிக்குக் கீழே. ஜன்னலே கிடையாது. ரெண்டு பேருக்கு ஒரு ரூம், மேலொண்ணு கீழொண்ணா ரெண்டு கட்டில். விடிஞ்சுதா இல்லையான்னு கடிகாரம்தான் சொல்லும். நீ பால்கனி பால்கனின்னு கிண்டல் பண்ணியிருக்கியே, அதை ஒரு நாளைக்கு ரெண்டு தடவை பெருக்கித் துடைக்கிறவன் நான். உப்புக் காத்துல அந்தக் கண்ணாடி பத்து நிமிஷத்துல மறுபடி மங்கும். திரும்பத் துடைப்பேன். எந்த ரூம்ல பால்கனி இருக்கோ அந்த ரூம்லதான் டிப்ஸ் கொஞ்சம் கூட வரும். என் தங்கச்சி கல்யாணம் அந்தப் பால்கனியில நடந்ததுடா!"

நான் "இல்லேடா, அது சும்மா தமாஷுக்கு..." என்று இழுத்தேன்.

"தமாஷ் சரி. 'ரசனை இல்லாதவங்க'ன்னு போட்டியே? போன வாரம் ஒரு கிழவி. எழுபத்தெட்டு வயசு. தனியா வந்திருந்தா. ஏழு நாளும் அந்தப் பால்கனி நாற்காலியை விட்டு நகரலை. 'எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்தா எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும்'னா. அவளுக்கு ரசனை இல்லேன்னு நீ எழுது. நான் எழுத மாட்டேன்."

லைன் கட்டாகிவிட்டது. கடலுக்கு நடுவில் சிக்னல் போனதா, அவனாகவே வைத்தானா என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. மூன்று மாதம் நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

ஐகான் 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து கிளம்பியது. நிரம்பினால் 7,600 பயணிகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள 2,350 ஊழியர்கள் என்று படித்தேன். முதல் எண்ணை என் கட்டுரையில் போட்டிருந்தேன். இரண்டாவதைப் போடவில்லை. கணக்குப் படித்தவன் ஒரு பக்கத்தை எழுதிவிட்டு மறு பக்கத்தை விட்டிருக்கிறேன்!

அடுத்த மாதம் அவன் லீவில் வந்தான். அவனாகவே வீட்டுக்கு வந்து, ஒரு சாக்லேட் டப்பாவை என் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து "என்னடா ரசிகா?" என்றான். சண்டை அதோடு தீர்ந்தது. பரிகாரமாக அவனை மாமனார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். உண்மையில், இரண்டு பேரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் எண்ணமும் லேசாக இருந்தது. புத்தி எங்கே போகும்?

"வாங்க தம்பி" என்று மாமனார் நாற்காலியை இழுத்துப்போட்டார். விட்டால் போதும் என்று உடனே ஆரம்பித்துவிட்டார். "நீங்க உள்ளேயே இருக்கிறவர். நீங்களே சொல்லுங்க, அதெல்லாம் கப்பலா?"

"ஆட ஆரம்பிச்சா கப்பல்தான் ஸார்" என்றான். மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, வெளியில பார்க்க எப்படித் தம்பி? மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நான் வெளியிலேர்ந்து பார்க்கிறதே கம்மி ஸார். துறைமுகத்துல நிக்கிற அன்னிக்கு ரெண்டு மணி நேரம் விடுவாங்க. வீட்டுக்குப் போன் பேச, சோப்பு, பேஸ்ட் வாங்க ஓடுவோம். திரும்பும்போதுதான் பார்க்கிறது. சின்ன ஊரா இருந்தா ஊரை விடக் கப்பல் உசரமா நிக்கும். எந்தச் சந்துல இருந்தாலும் கூரைக்கு மேல தெரியும். வழி தப்பாது. நாலு கப்பல் ஒண்ணா நின்னா எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கும். புகைபோக்கியைப் பார்த்துத்தான் நம்மளுது எதுன்னு கண்டுபிடிக்கணும். அழகா அசிங்கமான்னெல்லாம் தோணாது ஸார். அப்பாடா, விட்டுட்டுப் போகலைன்னு தோணும்."

மாமனார் அப்போது 'க்வீன் மேரி 2' பற்றி ஆரம்பித்தார். அது அவர் கடைசி அஸ்திரம். ஸ்டீபன் பெய்ன் என்று ஒரு இங்கிலீஷ்காரர். பழைய 'க்வீன் எலிஸபெத்' 1972-ல் ஹாங்காங்கில் எரிந்து போனபோது, 'இனி இப்படி ஒரு கப்பல் வரப்போவதில்லை' என்று குழந்தைகள் புஸ்தகம் ஒன்றில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இல்லை வரும் என்று கடிதம் போட்ட பையன். அந்தப் பையனே வளர்ந்து வடிவமைத்து 2004-ல் ஓடவிட்ட கப்பல் அது. கறுப்பு உடம்பு, நீள மூக்கு, நிஜமாகவே அட்லாண்டிக்கைக் கடக்கிற வலு. சாதாரண உல்லாசக் கப்பலைவிட நாற்பது சதவீதம் கூடுதல் இரும்பு. "அதுலயும் பால்கனி உண்டு மாப்பிள்ளை. ஆனா லட்சணமா வெச்சிருக்கான். மனசு இருந்தா செய்யலாம்!"

நாற்பது சதவீதம் கூடுதல் இரும்புக்குக் காசு யார் கொடுப்பது என்று என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். ஏனென்றால், சிநேகிதன் எழுந்துபோய் ஹாலில் மாட்டியிருந்த க்வீன் எலிஸபெத் 2 படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, பூ இருந்தது.

"இதுதானா ஸார்? நீங்க உள்ளேயே போய்ப் பார்த்தீங்களாமே?"

"ஆமாம் தம்பி. டீ குடிச்சேன்."

"இதுல வேலை செஞ்ச ஆளுங்க எங்கே ஸார் படுத்துப்பாங்க?"

மாமனார் வாயைத் திறந்தார். மூடினார். "அதை... நான் விசாரிக்கலையே" என்றார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவரும் எழுந்து வந்து படத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். இத்தனை வருஷமாக மூக்கையும் புகைபோக்கியையும் பார்த்த மனுஷர், முதல் தடவையாக அந்தக் கறுப்பு உடம்பின் அடிப்பாகத்தை, தண்ணீரைத் தொடும் கோடு வரைக்கும், விரலால் தடவித் தடவி ஜன்னல் தேடினார்.

"இங்கேயா இருக்கும்?"

"அதுக்கும் கீழே ஸார்" என்றான் அவன். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து முழுசாகப் பார்த்தான். "ஆனா அழகுதான் ஸார். பால்கனியையே அவ்வளவா காணோம். துடைக்கிற வேலை மிச்சம்."

மாமனார் விரலை எடுக்கவில்லை. உள்ளேயிருந்து மாமியார், "காபியா, டீயா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.